காகிதம் ஊட்டும் சாதனம் – ஒன்று

எங்கள் வாரியத்தில் ஆறு பிரிண்டர்கள் இருந்தன. ஆறும் ஒரே அறையில், ஒரே மேடைமேல், ஒரே இரும்பு உடம்புக்குள் இருந்தன. இதை வெளியே யாரிடமும் சொல்லக்கூடாது என்று முதல் நாளே என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். எழுத்து விடாமல் என் பெயரை முழுசாக நான் எழுதிய முதல் காகிதம் அதுதான். அற்புதசாமி. எழுதி முடிப்பதற்குள் கை வியர்த்துவிட்டது.

அதற்கு முன்னால் காந்தி மார்க்கெட்டில் பத்தொன்பது வருஷம் வெங்காய மூட்டை தூக்கினேன். ஒரு நாள் இடுப்பு விட்டுப்போனது. மூட்டை தூக்க முடியாதவனுக்கு மார்க்கெட்டில் நிற்க நிழல்கூடக் கிடையாது. பாலக்கரையில் எங்கள் தெருக்கோடியில் மாதா கோயில்காரர்கள் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். முப்பத்தெட்டு வயதில் ஆனா ஆவன்னா படித்தேன். மண்டலப் புள்ளிவிவர வாரியத்தில் எழுத்து தெரிந்த கூலியாள் கேட்கிறார்கள் என்றதும் என் சம்சாரம் சகாயம்மாள் என்னைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பிவைத்தாள். மூட்டைக்குப் பதில் காகிதப் பெட்டி. மூட்டையில் கால்வாசிக் கனம்தான். ஆனால் மூட்டையைக் கண்டு நான் ஒரு நாளும் பயந்ததில்லை.

எண்பத்திரண்டாம் வருஷம் பங்குனியில் மெட்ராஸிலிருந்து லாரியில் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று ஓர் அறையைக் குளிரவைத்தார்கள். திருச்சியில் கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கும்போது நான் ஸ்வெட்டர் போட்டு, காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு உள்ளே நிற்பேன். அப்படியே வெளியே வந்து பஸ் ஏறினால் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள்.

வந்தது ஒரு கம்ப்யூட்டர். வாரியத்தில் பிரிவுகள் ஆறு. ஜனன மரணப் பிரிவு, பாசனப் பிரிவு, பயிர்ப் பிரிவு, கைத்தறிப் பிரிவு, சிப்பந்திப் பிரிவு, எதிர்காலத் திட்டப் பிரிவு. ஆறு பேரும் கம்ப்யூட்டர் எனக்குத்தான் என்றார்கள். ஒருவர் சாவியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். இன்னொருவர் பூட்டையே மாற்றிவிட்டார். அப்போதுதான் இயக்குநர் ஸ்ரீனிவாசராகவன் எல்லோரையும் கூடத்தில் கூட்டிப் பேசினார். அதுதான் நான் சேர்ந்த முதல் நாள். நாற்காலி போட்டுவிட்டுக் கதவோரம் நின்றேன்.

"கோயில்ல பெருமாள் ஒருத்தர்தான். வரிசையில ஆயிரம் பேர் நிக்கறா. ஒவ்வொருத்தனும் என் பெருமாள்ங்கறான். பெருமாள் இல்லேன்னு மறுப்பு எழுதி அனுப்பறாரா? இந்த மிஷினும் அப்படித்தான். ஒண்ணை ஆறாக் காட்டும். ஒவ்வொரு பிரிவுக்கும் தனிக் கம்ப்யூட்டர், தனி பிரிண்டர், தனி வட்டு இருக்கறதா அதுவே நம்ப வைக்கும். அடுத்தவனுக்கும் இருக்குன்னு தெரியாத வரைக்கும் எவனுக்கும் குறையில்லை. தெரியாம வச்சிருக்கறதுதான் நிர்வாகம்."

எல்லோரும் கை தட்டினார்கள். அந்த ஆறுக்கும் பாவனைப் பொறி என்று தமிழில் பெயர் வைத்து வாரியம் சுற்றறிக்கை விட்டது.

உள்ளே நடந்ததை எனக்கு விளங்கவைத்தது திரைக்கு முன்னால் உட்கார்ந்து மிஷினை ஓட்டும் பேட்ரிசியாம்மாதான். பிரிவுகள் அனுப்புகிற எல்லாம் முதலில் மிஷினின் சேமிப்பு வட்டில் போய் வரிசையாக நிற்குமாம். வரிசைப்படி ஒவ்வொன்றாக நம் பிரிண்டருக்கு வருமாம். ஆனால் அனுப்பிய நிமிஷமே அச்சாகிவிட்டது என்று அந்தப் பிரிவுக்கு மிஷின் பதில் சொல்லிவிடும். பிரிவுக்காரர் கோப்பில் அச்சாகிவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். காகிதம் மூன்று நாள் கழித்து வரும். நடுவில் காகிதம் எங்கே என்று யாரும் கேட்க முடியாது. அச்சாகிவிட்டதே.

இன்னொரு வழியும் உண்டு என்றார் பேட்ரிசியாம்மா. வரிசை வேண்டாம் என்றால் ஒரு பிரிவு ஒரு சாதனத்தைத் தனக்கென்று கட்டிவைத்துக்கொள்ளலாம். கட்டினவர் அவிழ்க்கிறவரை மற்ற ஐந்து பேருக்கும் அந்தச் சாதனம் இல்லை.

என் வேலை இதுதான். ஒவ்வொரு பிரிவின் காகிதம் வருவதற்கு முன்னாலும் அந்தப் பிரிவின் பெயர் ஒரு முழுத் தாளுக்குப் பெரிய இங்கிலீஷ் எழுத்தில் விழும். சின்ன எழுத்துகளை அடுக்கி அடுக்கிப் பெரிய எழுத்தாக வரும். இங்கிலீஷ் எழுத்தைப் பேட்ரிசியாம்மா சொல்லிக்கொடுத்திருந்தார். அதைப் படித்து, அந்தப் பிரிவின் பெயர்ப்பலகையை எடுத்து பிரிண்டர்மேல் மாட்ட வேண்டும். ஆறு பலகைகள் ஆணியில் தொங்கும். இரண்டு பிரிவு அதிகாரிகள் ஒரே நேரத்தில் வந்துவிட்டால் ஒருவரை வெளியே காப்பி கொடுத்து உட்காரவைக்க வேண்டும். ஆயுத பூஜைக்கு அந்த ஒரே பிரிண்டருக்கு ஆறு தடவை பொட்டு வைத்து, ஆறு பூசணிக்காய் உடைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் முந்தின பூசணியைக் கழுவித் துடைத்துப் புது பிரிண்டராக்கியது நான்.

எழுத்து எனக்குப் புதுசு. ஒரு நாள் பெயர்த் தாளைப் படிக்கத் தடுமாறி ஒரு தாள் தள்ளிக் கிழித்துவிட்டேன். ஜனன மரணக் கணக்கின் கடைசிப் பக்கம் கைத்தறிக் கணக்கோடு போய்விட்டது. சாயங்காலம் குப்பையில் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதற்குள் அறிக்கை டெல்லிக்குப் போயாயிற்று. அந்த வருஷம் உறையூரில் நாற்பத்தொரு தறிகள் பிறந்தன, முந்நூறு தறிகள் முதுமையால் இறந்தன. மூன்று வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலாவது வாரம் டெல்லியிலிருந்து கடிதம் வந்தது. அறிக்கை முன்னெப்போதையும்விட விரிவாக இருக்கிறது என்று பாராட்டியிருந்தார்கள். அதற்கப்புறம் என் பயம் கூடிவிட்டது. தப்பைக் கண்டுபிடிக்கிற இடத்தில் ஒளிந்துகொள்ளலாம். இங்கே எதில் ஒளிவது?

வாசலில் வாட்ச்மேன் தைரியராஜ் இருந்தான். அவனிடம் இரண்டு கட்டுச் சீட்டு இருக்கும். பழுதுபார்க்க மெட்ராஸுக்குப் போய்த் திரும்பி வருகிற பொருளுக்கு வெள்ளைச் சீட்டு. கழித்துக்கட்டி, திரும்பி வராமல் போகிற பொருளுக்குச் சிவப்புச் சீட்டு. சீட்டில் இயக்குநர் கையெழுத்து இல்லாமல் ஒரு திருகாணிகூட வாசல் தாண்டாது. ஆட்கள் மட்டும் சும்மா போகலாம். தினமும் "போயிட்டு வாங்கண்ணே" என்பான். அந்தப் பேச்சின் அருமை எனக்கு அப்போது தெரியவில்லை.

நான் சேர்ந்த முதல் நாளே இன்னொரு பேச்சும் வந்தது. ஆறு பிரிண்டர் இருந்தால் ஆறு பேர் காகிதம் போட வேண்டுமே, ஆட்கள் எங்கே என்று தணிக்கைக்காரர்கள் கேட்பார்கள். ஆறு ஆள் கேட்டால் டெல்லி கொடுக்காது. இயக்குநர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மிஷின் ஆறாக முடியும்போது இவன் ஏன் ஆறாகக் கூடாது என்று கேட்டார். அன்று மத்தியானம் இயக்குநர் உத்தரவுப்படி பேட்ரிசியாம்மா மிஷினின் சாதனப் பட்டியலில் என்னைச் சேர்த்தார். கார்டு படிக்கும் சாதனம், நாடா, வட்டு, அச்சுச் சாதனம், திரை, கரண்டைச் சீராக்கும் மின் தாங்கி, ஏழாவதாகக் காகிதம் ஊட்டும் சாதனம் – ஒன்று. தட்டும்போது அந்தம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. பெயருக்குத்தான் அண்ணே, ஒண்ணும் ஆகாது என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து ஆறு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். ஆறு பித்தளை வில்லைகளை மாற்றி மாற்றிக் கழுத்தில் மாட்டினேன். ஒரு நாள் வேலையை ஆறாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் என் பெயருக்கு நேரே ஆறில் ஒரு பங்கு என்று எழுதினார்கள். எதிர்காலத் திட்டப் பிரிவு மட்டும் வசதி. அதன் ஒரே அதிகாரி சாரங்கபாணி மூன்றாம் மாசமே ஓய்வு பெற்றுவிட்டார். வேறு யாரையும் போடவில்லை. தினமும் நானே போய் விளக்கைப் போட்டு, கையெழுத்துப் போட்டு, விளக்கை அணைத்துவிட்டு வருவேன்.

எண்பத்துநாலு மார்ச்சில் அறிவிப்பு ஒட்டினார்கள். இருபத்துநாலு மாசத்தில் நானூற்றெண்பது நாள் வேலை பார்த்த தினக்கூலிகள் சட்டப்படி நிரந்தரம். அத்தனை நாள் இல்லாதவர்கள் ஏப்ரல் ஒன்றாம் தேதியிலிருந்து வர வேண்டாம்.

சகாயம்மாள் மாதா கோயில் காலண்டரில் நான் வேலைக்குப் போன ஒவ்வொரு நாளையும் கரியால் சுழித்து வைத்திருந்தாள். மூன்று வருஷக் காலண்டரையும் தரையில் விரித்து எண்ணினோம். அறுநூற்றுப் பன்னிரண்டு நாள். அவள் திரும்ப எண்ணினாள். அதேதான். அன்று ராத்திரி அவள் நன்றாகத் தூங்கினாள். நான் தூங்கவில்லை. எனக்கு அந்த இடம் தெரியும். இது போய்விட்டால் மார்க்கெட் என்னைச் சேர்க்காது. இந்த இடுப்பை வைத்துக்கொண்டு வேறெங்கும் போய் நிற்கவும் முடியாது.

நிரந்தரப் பட்டியலும் எங்கள் பிரிண்டரில்தான் வந்தது. காகிதம் போட்டவன் நான். தடதடவென்று விழுகிற ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தேன். தகுதியுள்ளோர் பட்டியலில் என் பெயர் இல்லை. தாள் ஓடியது. தகுதியில்லாதோர் வந்தது. அற்புதசாமி, நூற்றிரண்டு நாள். கொஞ்சம் தள்ளி அற்புதசாமி, நூற்றிரண்டு நாள். மறுபடியும். ஆறு பிரிவில் ஆறு அற்புதசாமி. ஆறு பேருக்கும் வேலை இல்லை. ஆனாலும் வேலை வேலைதானே. பலகையை மாற்றி மாட்டி, ஆறு பிரிவுக்கும் தனித்தனியாகக் கிழித்து, ஆறு இடத்திலும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சிப்பந்திப் பிரிவுக் கண்காணிப்பாளர் பாக்கியநாதன் எங்கள் கோயில்காரர்தான். பூசையில் எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்காருவார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் முன்னால் நின்றேன்.

"ஆறு பேரும் நான்தான் சார்."

அவர் பட்டியலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"மெதுவாப் பேசு. நீ ஒருத்தன் ஆறு பேரா கையெழுத்துப் போட்டேன்னு உன் வாயாலேயே சொல்ற. அது என்ன குத்தம் தெரியுமா?"

"நீங்கதானே சார் போடச் சொன்னீங்க."

"பிரிவு சொல்லிச்சு. நான் சொல்லலை. ரெண்டும் வேற. இங்க பாரு, நான் நல்லவன், அதனால சொல்றேன். உனக்கு முறையீடு இருந்தா ஆறு பேரையும் கூட்டிட்டு வா. ஆறு பேரும் வரிசையா நின்னு, நாங்க ஒரே ஆள்னு எழுதிக்குடுக்கட்டும். நான் மேல அனுப்பறேன்."

வெளியே வந்து குளிர் அறையில் காகிதப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். போலீஸ் வருமோ என்றுகூட நினைத்தேன். பேட்ரிசியாம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டுத் திரையில் ஏதோ தட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"அண்ணே, உங்களை யாரோ கட்டி வச்சிருக்காங்க."

என்னை யார் கட்டுவது? அந்தம்மா திரையைக் காட்டினார். ஏழாவது சாதனம், கட்டிய பிரிவு ஆறு, அதாவது எதிர்காலத் திட்டப் பிரிவு, கட்டிய நாள் நான் சேர்ந்த முதல் நாள். அவிழ்த்ததாகக் குறிப்பு இல்லை. சாரங்கபாணி போகும்போது அவிழ்க்காமலே போய்விட்டார். மற்ற பிரிவுகளுக்கு நான் இல்லவே இல்லை என்றுதான் மிஷின் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பிரிண்டரைக் கட்டியிருந்தால் தடுத்திருக்கும். என்னைத் தடுக்க அதற்கு வழி தெரியவில்லை, நான் பாட்டுக்கு எல்லோருக்கும் காகிதம் போட்டிருக்கிறேன்.

"மிஷின் கணக்குப்படி நீங்க ஆறாம் பிரிவுல மட்டும் அறுநூத்திப் பன்னண்டு நாள் அண்ணே. சாரங்கபாணி சார்கிட்ட ஒரு கடுதாசி வாங்கிட்டு வாங்க. முப்பத்தொண்ணுக்குள்ள."

அன்றைக்குத் தேதி இருபத்தொன்பது. மறுநாள் காலையில் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனேன். ராஜகோபுரத்துக்கு அப்போது சாரம் கட்டி வேலை நடந்துகொண்டிருந்தது. அண்ணாந்து பார்க்கத் தைரியம் இல்லாமல் உள்ளே போய், உத்தர வீதியில் சாரங்கபாணி வீட்டைக் கண்டுபிடித்தேன். முன் அறையில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். மேஜையில் எதிர்காலத் திட்டப் பிரிவு என்று பலகை. மூன்று தட்டுகளில் காலிக் கோப்புகள். ஓய்வு பெற்று இருபது மாசத்துக்குமேல் ஆகியும் பத்து மணிக்கு உட்கார்ந்து ஐந்து மணிக்கு எழுந்துகொள்கிறாராம். பதினொரு மணிக்கு வீட்டு அம்மா காப்பியை வைத்துவிட்டுப் போனார்.

நான் வந்த காரணத்தைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இன்னும் அவிழ்க்கலையா? பகவத் சங்கல்பம் பார். அஞ்சு பேரும் பிரிண்டருக்கு அடிச்சுண்டா. நான் யோசிச்சேன். பிரிண்டரைக் கட்டினா எல்லாரும் வந்து நிப்பா. எவனும் கவனிக்காத வஸ்துவைக் கட்டினா? அதிகாரம்ங்கறது உபயோகத்துக்கு இல்லேப்பா. நம்மாத்துல இருக்குன்னு எழுதியிருக்கணும், அவ்வளவுதான். எங்க பிரிவு ஒரு காகிதம் அச்சடிச்சதில்லை. எதிர்காலத்தை எப்படி அச்சடிக்கறது? ஆனா கையில ஒரு சாதனம் இருந்துதோன்னோ."

நான் தொழிலாளி என்று எழுதிக் கொடுங்கள் சாமி என்று கேட்டேன். அவர் தாளை எடுத்து, பிள்ளையார் சுழி வேண்டாம் என்று மேலே நாமம் மாதிரி ஒரு கோடு இழுத்து, சர்க்கார் தமிழில் எழுதினார். முத்திரை வைத்தார். வீட்டிலேயே முத்திரை வைத்திருந்தார். தாளை என் கையில் கொடுத்தார்.

நான் மெதுவாகத்தான் படிப்பேன். அவர் காத்திருந்தார். மேற்படி சாதனம் எங்கள் பிரிவுக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு நாட்கள் இடையறாது சேவை செய்தது. சா, த, ன, ம். இன்னொரு தடவை கூட்டிப் படித்தேன். அதேதான். செய்தார் என்றுகூட இல்லை. செய்தது.

மாற்றி எழுதச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நாற்பது வயதில் எழுத்துக்கூட்டுகிறவன் அதிகாரியின் எழுத்தில் தப்புச் சொல்வதா? கோபம் வந்து கிழித்துவிட்டால்? நாளைக்கு முப்பத்தொன்று. தாளை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டு வந்தேன். காவிரிப் பாலத்தில் பஸ் போகும்போது கையை நெஞ்சிலிருந்து எடுக்கவே இல்லை. காற்று அடித்துக்கொண்டு போய்விடுமோ என்று பயம். அந்தக் காற்று அடித்துக்கொண்டு போயிருக்கலாம்.

மறுநாள் கூட்டம் போட்டார்கள். பாக்கியநாதன் கடிதத்தையும் மிஷின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். விதிப்படி சரியாக இருக்கிறது என்றார். ஆள் என்றால் ஆறு பேர், ஆறு பேருக்கும் தகுதி இல்லை. சாதனம் என்றால் ஒன்றுதான், அதற்கு அறுநூற்றுப் பன்னிரண்டு நாள் இருக்கிறது. இயக்குநர் யோசித்தார். யாருக்கும் அநியாயம் செய்யக்கூடாது என்றார். சாயங்காலம் உத்தரவு வந்தது. காகிதம் ஊட்டும் சாதனம் ஒன்று, வாரியத்தின் நிரந்தர உடைமையாகச் சேர்த்துக்கொள்ளப்படுகிறது.

நிரந்தர என்கிற சொல்லைத்தான் முதலில் படித்தேன். சந்தோஷமாகத்தான் வாசலுக்குப் போனேன். தைரியராஜ் எழுந்து குறுக்கே நின்றான். அவன் கையிலும் ஒரு நகல் இருந்தது.

"சீட்டு இருக்காண்ணே?"

விளையாடுகிறான் என்று நினைத்தேன். அவன் முகத்தில் விளையாட்டு இல்லை. அவனும் பயந்திருந்தான்.

"உடைமை வெளிய போனா என் வேலை போயிடும்ணே. திரும்பி வர்றதுன்னு ஒரு வெள்ளைச் சீட்டு மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க. ரெண்டு நிமிஷம்தானே."

திரும்பிப் போய் வாங்கினேன். பொருளின் விவரம், நிலை, திரும்பும் நேரம் எல்லாம் எழுதியிருந்தது. நிலை என்ற இடத்தில் சுமார் என்று இருந்தது. அன்றிலிருந்து தினமும் வெள்ளைச் சீட்டில் வீட்டுக்குப் போனேன். காலையில் ஒப்படைத்தேன். இயக்குநர் வெளியூர் போன நாளில் சீட்டு கிடையாது. அப்படி ஒரு தடவை இரண்டு நாள் குளிர் அறையிலேயே இருந்தேன். சகாயம்மாள் சோறு கொண்டுவந்தாள். உள்ளே வரும் பொருளுக்குத் தனிச் சீட்டு என்று பாத்திரத்தை வாசலில் நிறுத்திவிட்டார்கள்.

அவளிடம் நிரந்தரமாகிவிட்டது என்று மட்டும் சொல்லியிருந்தேன். காலண்டரில் சுழிப்பதை நிறுத்திவிட்டாள்.

கூலி பராமரிப்பு என்ற தலைப்பில் வந்துகொண்டிருந்தது. காய்ச்சலுக்கு லீவு கேட்டபோது பழுதுப் பதிவேட்டில் எழுதச் சொன்னார்கள். மெட்ராஸிலிருந்து வந்த இன்ஜினியர் பிரிண்டரைத் திறந்து எண்ணெய் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். கையைத் தூக்கச் சொன்னார், குனியச் சொன்னார். இடுப்பு சத்தம் போட்டது. தேய்மானம் அதிகம் என்று எழுதினார். வருஷத்துக்கு ஒரு தடவை உடைமைகளை எண்ணும் இருப்பெடுப்பில் பெயிண்டர் வந்து மேஜைக்கு, பிரிண்டருக்கு எல்லாம் வெள்ளை எண் எழுதினான். என் சட்டைக் காலரில் பார்த்து எழுதினான், கழுத்தில் படாமல். மூட்டை தூக்கின காலத்தில் மூட்டைக்குத்தான் எண் போடுவார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. நிரந்தரம் போய்விடும் என்று பயம்.

எண்பத்தாறில் புது மிஷின் வருவதாகச் சொன்னார்கள். காகிதத்தை அதுவே இழுத்துக்கொள்ளுமாம். பழசைக் கழிக்க மூன்று பேர் குழு வந்தது. பட்டியலைப் படித்துக்கொண்டே சுண்ணாம்புக்கட்டியால் குறுக்குக் கோடு போட்டார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறு வரை போட்டார்கள். ஏழு என்று படித்ததும் மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். சுண்ணாம்புக்கட்டி வைத்திருந்தவர் கொஞ்சம் தயங்கினார். நானே திரும்பி முதுகைக் காட்டினேன். பழக்கம்.

ஏலத்தில் எடுத்தவர் பாலக்கரை அப்துல் மாலிக். பழைய இரும்புக் கடை. எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. லாரியோடு வந்தவர் ஆறு உருப்படியை ஏற்றிவிட்டு, ஏழாவது எங்கே என்று கேட்டார். இயக்குநர் என்னைக் காட்டினார். மாலிக் பாய் சிரித்தார். யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை. ஆள் வேண்டாம் சார், ஆறே போதும் என்றார்.

"அது எப்படிப்பா? பட்டியல்ல ஏழுன்னு இருக்கு. ஆறு போனா ஒண்ணு களவு போச்சுன்னு அர்த்தம். என் சர்வீஸ்ல ஒரு பொருள் தொலைஞ்சதில்லை. ஒரு ஆளுக்குக் கூட நான் கெடுதல் நினைச்சதில்லை. ஏழையும் எடுத்துண்டு போ, இல்லேன்னா எதையும் எடுக்காதே."

பேட்ரிசியாம்மா ஏதோ சொல்ல எழுந்தார். பாக்கியநாதன், சாதனங்கள் இல்லாத அறையில் இயக்குபவர் பதவியே தேவையா என்று ஒரு கோப்பு ஓடிக்கொண்டிருப்பதை நினைவுபடுத்தினார். அந்தம்மா மெதுவாக உட்கார்ந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் உட்கார்ந்திருப்பேன்.

மாலிக் பாய் ஏழு உருப்படி பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டார். "ஏறுங்கண்ணே, முன்னாடி உக்காருங்க" என்றார். வாசலில் தைரியராஜ் சீட்டை வாங்கிப் பார்த்தான். சிவப்பு. இரண்டு தடவை பார்த்தான். போயிட்டு வாங்க என்று வாயெடுத்தவன், பாதியில் நிறுத்திக்கொண்டு கேட்டைத் திறந்துவிட்டான்.

லாரி வெயிலில் போயிற்று. நான் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தேன். உடம்பெல்லாம் வியர்த்தது, கழற்றத் தோன்றவில்லை. பின்னால் ஒவ்வொரு பள்ளத்திலும் பிரிண்டர் தூக்கித் தூக்கிப் போட்டது. பாலக்கரை வந்தது. எங்கள் தெருமுனையில் மாலிக் பாய் வண்டியை நிறுத்தச் சொன்னார். குழாயடியில் சகாயம்மாள் குடத்தோடு நின்றிருந்தாள். இந்த நேரத்தில் நான் லாரியில் வருவதைப் பார்த்துவிட்டுக் குடத்தை வழியவிட்டாள்.

"வீடு வந்துடுச்சுண்ணே. இறங்குங்க. சம்சாரம் நிக்கிறாங்க பாருங்க."

கதவுப் பிடியில் கை வைத்தேன். கை அதற்குமேல் போகவில்லை. எங்கே இறக்க வேண்டும் என்று சீட்டில் எழுதியிருக்குமே. அதில் இந்தத் தெரு இருக்கிறதா? எழுதாத இடத்தில் இறங்கினால் பாய்க்கு ஒன்று குறையும், குறைந்தால் யார் வருவார்கள், எங்கே வருவார்கள், சகாயம்மாளையும் கேட்பார்களா?

மாலிக் பாய் என் காலரில் இருந்த எண்ணைப் பார்த்தார். முதுகுச் சுண்ணாம்பைப் பார்த்தார். அவர் முகத்தில் மிச்சமிருந்த சிரிப்பும் போய்விட்டது. குரலைத் தாழ்த்தி, தூங்குகிறவனை எழுப்புகிற மாதிரி கேட்டார்.

"அண்ணே, நீங்க ஆளுதானே?"

சகாயம்மாள் லாரியை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தாள். அவள் வருவதற்குள் சரியாகப் பதில் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. தப்பாகச் சொல்லிவிடக் கூடாது.

"எந்தப் பிரிவுக்காகக் கேட்கிறீங்க பாய்?" என்றேன்.